அண்ணன் எழுந்து போன கடைகள்

பட்டறையில் அவளை மில்லி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சமையலறை அலமாரிகளுக்குப் படம் வரைந்து கொடுப்பது அவள் வேலை. ஒரு கதவு ஒரே ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் கழற்றி மாட்டச் சொல்லி தச்சர்களின் உயிரை வாங்குவாள். யாரோ எரிச்சலில் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் பில் அடிக்கத்தான் அங்கே சேர்ந்தாள். முதலாளி காகிதத்தில் கிறுக்கித் தருவது தச்சர்களுக்குப் புரியாது. "இது கதவா, இழுப்பறையா, நீயே பாத்துச் சொல்லும்மா" என்று இவளிடம் வருவார்கள். இவள் திருத்தி வரைந்து கொடுப்பாள். நாளடைவில் பில் அடிக்க வேறு ஆள் வந்தது, இவளுக்கு ஜன்னலோரம் தனி மேசை வந்தது.

இப்போதெல்லாம் யாருக்கும் வெறும் கோட்டுப்படம் போதாது. மேடைக்கல்லின் பளபளப்பு, கதவின் நிறம், விளக்கு விழும் இடம் எல்லாம் புகைப்படம் மாதிரி தெரிய வேண்டும். அப்படி ஒரு படத்தை முடிக்க அவளுடைய பழைய கம்ப்யூட்டருக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் ஒரு கணவனும் மனைவியும் எதிரே உட்கார்ந்துகொண்டு, கதவைப் பச்சையாக மாற்றிக் காட்டச் சொன்னார்கள். படம் வருவதற்குள் இருவருக்கும் வாய்ச்சண்டை வந்து, பச்சை வேண்டாம் என்றாகி, சமையலறையே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "புதுசு ஒண்ணு பாரும்மா. பாதி நான் போடறேன், பாதி நீ போடு. மெஷின் உன்னோடதாவே இருக்கட்டும்" என்றார்.

விசாரித்துப் பார்த்தாள். வரைபட வேலைக்கென்று விற்கும் கம்ப்யூட்டர்கள் யானை விலை, குதிரை விலை. அதே வேகம், அதே கிராஃபிக்ஸ் கார்டு, விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்த கேமிங் லேப்டாப்பில் முக்கால் விலைக்கு இருந்தது. இரண்டு வாரம் கடைகடையாக போன் போட்டு, எந்த மாடல், என்ன விலை என்று நோட்டில் குறித்தாள். அவள் தனியாகவே போய் வாங்கியிருப்பாள். ஆனால் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டுக்கு மாதக் கடைசி வரை பத்து சதவீதம் தள்ளுபடி என்று எல்லாக் கடையிலும் சொன்னார்கள். உறவில் அந்தக் கார்டு வைத்திருந்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன்.

"அண்ணன் வந்தா நல்லதுதானே. நல்லா பேரம் பேசுவாரு" என்றார் கணவர், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அண்ணன் சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரத்தில் அவருக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். கடைசி விலையைக் கேட்பார். என்ன சொன்னாலும் எழுந்து வெளியே போய்விடுவார். கடைக்காரன் பின்னால் ஓடி வருவான் என்பது அவர் கணக்கு.

முதல் கடையில் விற்பனையாளர் அவளைத் தாண்டி அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "பையன் என்ன கேம் ஆடுவாரு சார்?"

"எனக்குத்தான் வேணும்" என்றாள் அவள்.

"உங்களுக்கா மேடம்? வீடியோ பாக்க, மெயில் பாக்க சின்னதே போதுமே. லேசா, பிங்க் கலர்ல ஒண்ணு வந்திருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், எத்தனை ஜிபி மெமரி வேண்டும் என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். அண்ணன் குறுக்கே புகுந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். கடைசி விலை என்னப்பா?" விலை வந்தது. அண்ணன் எழுந்தார். படிக்கட்டு வரைக்கும் அவள் பின்னாலேயே ஓடினாள். "திரும்பிப் பாக்காதே. கூப்பிடுவான்" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். விற்பனையாளர் வேறு யாருக்கோ அந்தப் பிங்க் லேப்டாப்பைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கடையில் அவளுக்கு வயிறு எரிந்தது. அங்கே சொன்ன விலை அவள் நோட்டில் எழுதியிருந்ததைவிடக் குறைவு. சரி என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அண்ணன் வாசலைத் தாண்டியிருந்தார். மறுநாள் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் மட்டும் போனாள். நேற்று சாயங்காலமே விற்றுவிட்டதாம்.

மூன்றாவது கடைக்குப் போகும்போது மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. ஆட்டோவிலேயே சொல்லிவிட்டாள். "அண்ணே, இன்னைக்கு நீ எந்திரிக்கக் கூடாது. உக்காந்த இடத்துலயே இருக்கணும்."

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றார் அண்ணன்.

இரண்டாவது மாடியில் சின்னக் கடை. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த கடைக்காரம்மா, யாருக்கு என்று கேட்கவில்லை, எதற்கு என்று கேட்டார். அதிலேயே அவளுக்குப் பாதி எரிச்சல் இறங்கிவிட்டது. போன வருட மாடல், ஐந்து மாதமாகப் பார்வைக்கு வைத்திருந்த டிஸ்பிளே பீஸ் ஒன்று இருந்தது. அவள் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகி, அந்தப் பச்சைக் கதவு சமையலறையையே ஓடவிட்டாள். லேப்டாப்பின் மின்விசிறி ஹேர் டிரையர் மாதிரி இரைந்தது. அடியில் கைவைத்துச் சூடு பார்த்தாள். திரையில் வெளிச்சம் வராத செத்த புள்ளி இருக்கிறதா என்று மூலைமூலையாகப் பார்த்தாள். ஒன்பது நிமிடத்தில் படம் வந்தது.

ஒன்பது நிமிடம் அவளுக்கு உறுத்தியது. இந்த மாடல் இன்னும் சீக்கிரம் முடிக்க வேண்டும். செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தாள். வெளியே ஒட்டியிருந்த தாளில் மெமரி பதினாறு ஜிபி. உள்ளே எட்டுதான் காட்டியது.

"இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று திருப்பி வைத்தாள்.

கடைக்காரம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் தலையைச் சொறிந்தார். போன மாதம் அவசரமாக இன்னொருவர் மெஷினுக்கு இதிலிருந்து ஒரு மெமரி சில்லைக் கழற்றிப் போட்டாராம். திரும்பப் போட மறந்துவிட்டாராம். கடைக்காரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிக்கோங்க. யாரும் இவ்வளவு பாத்ததில்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஐந்து மாதமாக இது தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது, சாவிகள் தேய்ந்திருக்கின்றன, உத்தரவாதம் பில் போடும் நாளிலிருந்து வர வேண்டும், சில்லை இப்போதே என் கண்முன்னால் போட வேண்டும் என்றாள். கடைக்காரம்மா கால்குலேட்டரில் தட்டி அவள் பக்கம் திருப்பினார். அவள் எங்கும் கேட்டதைவிடப் பத்தாயிரம் குறைவு. அதற்கு மேல் கார்டு தள்ளுபடி வேறு. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

நாற்காலி கிரீச்சிட்டது.

"எட்டை வச்சிக்கிட்டு பதினாறுன்னு விக்கிறாங்க! வா, போலாம்" என்று அண்ணன் எழுந்து போய்விட்டார். கார்டு அவர் சட்டைப் பையில்.

நாலு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. இதற்கிடையில், முதுகுப்பை மாட்டிய ஒரு வாடிக்கையாளர் வந்து அந்த லேப்டாப்பை உற்றுப் பார்த்து, "இது விக்கிறதா?" என்றார்.

"இவங்களுக்குப் பத்து நிமிஷம் வச்சிருக்கேன்" என்றார் கடைக்காரம்மா.

அவள் தன் கைப்பையை லேப்டாப் மேல் வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு இரண்டு மாடி இறங்கினாள். கீழே காபிக் கடையில் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு காபி.

"வா வா. இன்னும் அஞ்சு நிமிஷத்துல ஆள் அனுப்புவா பாரு."

"அண்ணே, பத்தாயிரம் குறைச்சிட்டாங்க. நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே குறைச்சிட்டாங்க."

"அப்படியா? நான் எந்திரிக்கப் போறேன்னு தெரிஞ்சிருக்கும்."

"கார்டை எடு."

"காபி ஆறிடும், குடிச்சிட்டு..."

"கார்டு!" காபிக் கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணன் எடுத்துக் கொடுத்தார்.

மூச்சு வாங்க மேலே ஓடி வந்து கார்டைக் கொடுத்தாள். தள்ளுபடி வேண்டுமானால் கார்டுக்காரரின் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைச் சொல்ல வேண்டும் என்றார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நல்லவேளையாக அண்ணன் இரண்டு காகிதக் கோப்பைகளை ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பின்னாலேயே ஏறி வந்திருந்தார்.

"அண்ணே, உன் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு."

அண்ணன் படித்தார். முகம் மாறியது. "யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே."

"எனக்குச் சொல்லு."

"யாருக்கும்னா உனக்கும்தானே?"

கடைக்காரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் அண்ணனே கார்டு இயந்திரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். முதல் தடவை தப்பு. இரண்டாவது எண் வர மூன்று நிமிடம். முதுகுப்பைக்காரர் அதுவரை அங்கேயே நின்றார். பில் கையில் வந்ததும்தான் அவள் அந்த ஆறிப்போன காபியை வாங்கிக் குடித்தாள்.

சில்லைப் போட்ட பிறகு படம் ஐந்து நிமிடத்தில் வந்தது. பட்டறையில் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அடுத்த வாரம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. உறவுக்காரர்கள் நாலு பேர் நடுவில் அண்ணன் கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டு கடையில எந்திரிச்சேன். மசியல. மூணாவது கடையில எந்திரிச்சதும் பாருங்க, பத்தாயிரம்!" அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "உண்மையில யார் பேசினது?"

"நான்தான் அண்ணி."

"தெரியும். இவரோட நான் பிரிட்ஜ் பாக்க ஆரம்பிச்சு பதினோரு மாசம் ஆச்சு. ஏழு கடையில எந்திரிச்சிட்டார். பாலெல்லாம் திரிஞ்சு போகுது." அண்ணி குழாயை மூடினாள். "புதன்கிழமை கண் டாக்டர்கிட்ட போறார். நீ வர்றியா?"

புதன்கிழமை அண்ணன் அந்தப் பக்கம் போனதும், அண்ணியும் அவளும் பிரிட்ஜ் கடைக்குப் போனார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கார்டும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. அண்ணி சேர்த்து வைத்திருந்த பணத்தை எண்ணி முழு விலையையும் கொடுத்தாள். பேரம் பேசட்டுமா என்று இவள் கேட்டதற்கு, "வேண்டாம்மா, இவங்க தரேன்னு சொல்றப்பவே வாங்கிடுவோம்" என்றாள். சாயங்காலம் பில்லை வாங்கிப் பார்த்த அண்ணன், விலையைப் படித்ததும் எழுந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.