மாத்திரை போடாத நாள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்களில் கல்வராயன் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நர்சாக இருந்தேன். வாரச் சந்தையன்றுதான் பிரஷர் பார்ப்போம். சந்தைக்கு வருகிறவர்கள் அப்படியே எங்களிடமும் வந்து வரிசையில் நிற்பார்கள்.

அந்த வரிசையில் மரவள்ளி பயிரிடும் ஓர் அக்கா. எப்போது பார்த்தாலும் அவருக்குப் பிரஷர் எகிறியே இருக்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். "ஒழுங்கா போடுறீங்களாக்கா?" என்று நான் சீறுவேன். "போட்டுக்கினுதாங்க இருக்கேன்" என்பார் அமைதியாக. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வாரம் மறியல் முற்றி, புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டுவிட்டார்கள். பஸ் ஓடவில்லை, சந்தையும் கூடவில்லை. "அந்தம்மாவுக்கு டபுள் டோஸ் நீயே கொண்டுபோய்க் குடுத்துடும்மா. பக்கவாதம் வந்துடப் போவுது" என்றார் டாக்டர். கிளையில் சேலை மாட்டிக் கிழிய, வெட்டினவர்களை எல்லாம் திட்டிக்கொண்டே மரங்களைத் தாண்டி நடந்தேன்.

அக்கா தன் கொல்லையில், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எழுந்தா கண்ணு இருட்டிக்கினு வருதுங்க. நேத்து வரப்புலயே வுழுந்துட்டேன்."

பதறிப்போய் மெஷினைக் கட்டினேன். பாதரசம் நூறுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சத்தமே கேட்டது. மறுபடி பார்த்தேன். அதேதான்; எப்போதும் எகிறிக் கிடக்கும் பிரஷர் தாழ்ந்து கிடந்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

"தெனமும் போடறேங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு மொத நாளும் வர்ற அன்னிக்கும் மட்டும் போட மாட்டேன்."

"ஏங்க்கா?"

"இன்னாங்க இப்டி கேக்கறீங்க? மாத்திரைய முழுங்கிட்டு வந்து கைய நீட்டினா, டாக்டர ஏமாத்துன மாதிரி ஆயிடாதா? உள்ளத உள்ளபடி காட்ட வேணாமா?"

ஏறிக் கிடக்கும் பிரஷரோடு அத்தனை தூரம் வெயிலில் நடந்து வந்திருக்கிறார், பொய் சொல்லக் கூடாது என்பதற்காக! அப்படி ஒரு நேர்மையை நான் அதுவரை கண்டதில்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கொண்டுபோன மாத்திரையைப் பைக்குள்ளேயே அமுக்கிவிட்டு, "இன்னிக்குப் போடாதீங்க, டாக்டர் கொறைச்சுத் தருவாரு. இனிமே ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னிக்கும் போட்டுக்கினே வாங்கக்கா. அது வேலை செய்யுதான்னுதான் நாங்க பாக்கறோம்" என்றேன்.

அக்கா பக்கத்துக் கொல்லையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏண்டி, ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கும் மாத்திரை போடணுமாம்டி!"

"இன்னாது, நெசமாவா?" என்றது ஒரு குரல். அதற்கப்பால் இன்னொரு குரல் அதையே கேட்டது. களைவெட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். அத்தனையும் என் சந்தை நாள் வரிசையில் நிற்கும் முகங்கள்.