சீரியஸ் என்று சொல்லாதவர்

பழைய கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் சாவு பெரும்பாலும் மேடையில் நடக்காது. நேரில் பார்த்த தூதன் ஒருவன் வந்து, முதலில் இறந்த செய்தியைச் சொல்வான். பிறகுதான் எப்படி என்று விவரிப்பான். அப்படி ஒருவரை துபாயில் நான் வேலை பார்த்தபோது தங்கியிருந்த அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் சந்தித்தேன். பஸ் டிரைவர், நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. கேம்பில் யார் இறந்தாலும் ஊருக்குப் போன் செய்வது அவர்தான். நின்றுகொண்டுதான் பேசுவார்.

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை காலை, அவருடைய பஸ்ஸிலேயே ஒரு கொத்தனார் மாரடைப்பில் இறந்துபோனார்.

"சீரியஸ்னு மட்டும் சொல்லுங்கண்ணே. அக்கா தாங்காது," என்று கெஞ்சினான் கொத்தனாரின் மச்சான்.

"அந்தப் புள்ள கோயில் கோயிலா ஓடி வேண்டிக்கும்டா. அப்புறம் யாரு போய் நிறுத்துறது?"

எழுந்து நின்று ஸ்பீக்கரில் போன் போட்டார். "தங்கச்சி, உன் வீட்டுக்காரர் தவறிட்டாரும்மா." அழுகை ஓயும்வரை காத்திருந்தார்.

"கடைசியா என்னண்ணே சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா தனியா போகல. என் கையைப் புடிச்சிருந்தாரு."

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே."

அவர் ஒரு சொல்லையும் மாற்றாமல் மறுபடி சொன்னார். அவரோடு ஒரே கேம்பில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் பெருமைதான்.