பத்து விரல்களும் பட்டால்

தொடுதிரையில் விரல்களின் அசைவைப் புரிந்துகொள்ளும் நிரல் எழுதுவது என் தொழில். ஒரு விரல் பட்டால் புள்ளி, இரண்டு விரல் விரிந்தால் படம் பெரிதாகும், பத்து விரலும் ஒன்றாகப் பட்டால் எல்லாம் அழியும். கடைசியைச் சேர்த்தபோது எனக்குப் பெருமைதான். தவறிப்போய் யார் பத்து விரலையும் வைக்கப்போகிறார்கள்? அழித்ததை மீட்கும் வசதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

கொல்லிமலை விவசாயிகள் தங்கள் நிலத்தின் எல்லையைத் தாங்களே குறித்துக்கொள்வதற்கான செயலி அது. சோதித்துப் பார்க்க, மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த ஓர் அம்மாவின் காட்டுக்குப் போனேன். மூன்று நாள் எல்லைக் கல் ஒவ்வொன்றாக நடந்து, நின்ற இடத்தில் நான் நீட்டிய டேப்லெட்டில் அவர் புள்ளி வைத்தார். காய்ப்பேறிய அந்த விரல் பட்டதே பாதி நேரம் திரைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் மறுபடி அழுத்தச் சொன்னேன். நான்காம் நாள் பதினொரு மணிக்கு என் மேலாளர் சேந்தமங்கலத்திலிருந்து மேலே வருவதாக இருந்தது. ஒரு காட்டின் எல்லையாவது முழுதாக இல்லையென்றால் இந்த வேலையை நிறுத்திவிடுவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்.

அன்று கடைசிக் கல்லில் புள்ளி விழுந்தபோது மணி பத்தரை. கோடு கூடி, உள்ளே பச்சை நிறைந்தது.

"இது நம்ம காடுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமாங்க, முழுசா உங்க காடுதான்."

அவர் செருப்பைக் கழற்றினார். எதற்கென்று எனக்கு உறைப்பதற்குள் இரண்டு கைகளையும் விரித்துத் திரைமேல் வைத்து, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தினமும் காட்டில் கால் வைக்குமுன் அவர் மண்ணை அப்படித்தான் கும்பிட்டார். பக்கத்திலேயே நின்று பார்த்த மடையன் நான்.

திரை வெள்ளையாகிவிட்டது.

"ஏனுங்க, காட்டக் காணோமுங்களே?"

எதையெதையோ அழுத்திப் பார்த்தேன். நிரல் நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருந்தது. அத்தனை கல்லையும் அரை மணியில் மறுபடி சுற்ற முடியாது.

"நான் தொட்டுத்தான் கெட்டுப் போச்சுங்களா சாமி?"

என் வேலை போயிற்று என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. சொன்ன நேரத்துக்கு மேலாளரின் ஜீப் வந்து நின்றது.

அவர் திரையை வாங்கிப் பார்த்தார். "என்னப்பா, ஒண்ணுமே இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார். "அவரு நல்லாத்தான் பண்ணியிருந்தாருங்க. நாந்தானுங்க கைய வெச்சு அழிச்சுப் போட்டேன்."

"பழகாதவங்க, அப்படித்தான் ஆகும்," என்று மேலாளர் சிரித்தார். "இன்னும் ஒரு வாரம் எடுத்துக்க."

எனக்கு மூச்சு வந்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது, சொல்லவில்லை.

அடுத்த வாரம், பத்து விரல் விதியை எடுத்துவிட்டுப் போனேன். அந்த அம்மா பழையபடி ஒவ்வொரு கல்லுக்கும் கூடவே நடந்து வந்தார். திரையை நீட்டியபோது மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே தொடுங்க கண்ணு" என்றார்.