லீவில் இருந்தவனின் விரல்கள்

என் வலது கையில் இரண்டு விரல்கள் போன அன்று நான் லீவில் இருந்தேன். தேயிலை ஃபேக்டரியின் வருகைப் பதிவேடு அப்படித்தான் சொன்னது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மேட்டுப்பாளையத்தில் மூட்டை தூக்கினேன், இத்தலாரில் கேரட் கழுவினேன், எங்கேயும் ஒரு வருடம் தங்கியதில்லை. கோத்தகிரிப் பக்கத்து இந்த ஃபேக்டரியில் மட்டும் எப்படியோ மூன்று வருடம் ஓடிவிட்டது. சம்பளத்தில் மாதாமாதம் இன்சூரன்ஸுக்கென்று கொஞ்சம் பிடிப்பார்கள். ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கத்தான் அது என்று நினைத்திருந்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுக்கு வெளியே வேலை வந்தால் அவன் ஷிப்டில் இன்னொருவன் நிற்பான். பதிவேட்டில் கையெழுத்து மட்டும், வேலைக்கு வராதவன் பெயரிலேயே விழும். பிறகொரு நாள் அவனும் இவனுக்காக நிற்பான். அன்று இலையை நசுக்கும் ரோலர் மெஷினில் நிற்கவேண்டிய நண்பன், பழைய பைக் ஒன்றைப் பார்க்கக் குன்னூர் போயிருந்தான். எனக்கு லீவு. அவனுக்காக நின்றேன். இலையோடு வந்து சிக்கிய குச்சியை மெஷினை நிறுத்தாமல் இழுத்தேன். அவ்வளவுதான்.

உண்மை தெரிந்தால் நண்பனுக்கு வேலை போகும். அதனால், ரூமில் விறகு வெட்டும்போது பட்டது என்று சொல்லிவிடலாம் என ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர்கள் முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் நண்பனின் மனைவி வந்தாள். அதே ஃபேக்டரியில் தூள் சலிப்பவள். பின்னால் அவனும் தலை குனிந்து நின்றான்.

"ஏனுங்கண்ணா, விறகு வெட்டினீங்களாமா? உங்க ரூம்புல கேஸ் அடுப்புதானுங்களே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. ஊட்ல பட்டதுன்னு எழுதினா வைத்தியமும் கொஞ்ச நாளைக்குக் காசும், அதோட சரி. வேலையில பட்டதுன்னு எழுதினா, காயம் ஆறுற வரைக்கும் சம்பளத்துல பெரும்பங்கு வரும். அப்புறம் டாக்டருங்க கையப் பார்த்து, இவ்வளவு பலம் போச்சுன்னு எழுதுவாங்க. அதுக்குத் தக்கன உசுரு இருக்கிற மட்டும் மாசாமாசம் வருமுங்க. வேற வேலைக்குப் போனாலும் நிக்காது."

"உனக்கு யார் சொன்னது?"

"அட்டை குடுத்தப்ப ஒரு தாளும் குடுத்தாங்கல்ல? நீங்க அதுல போண்டா மடிச்சிருப்பீங்க. நான் படிச்சேன்."

"ஏ புள்ள, என் வேலை போயிருமே" என்றான் நண்பன்.

"போனாப் போவுது. பைக் பார்க்கப் போனது நீங்க. விரலு போனது அவருக்கு. நாளைக்குக் காலையில போய்ச் சொல்றீங்க, நானும் கூட வாரேன்."

இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. அதை வைத்துக்கொண்டு இதைச் சொன்னாள்.

சொன்னபடியே போனார்கள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லையாம். மேனேஜர் கத்தி முடிக்கும்வரை அவள் கதவருகே நின்றிருக்கிறாள். பிறகு விபத்துப் பதிவேட்டை எடுக்கச் சொல்லி, என் பெயர், மெஷின், நேரம் எல்லாம் ஏறியதும், "ஒருக்கா வாசிங்க சார்" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாளாம். நண்பனைப் பதினைந்து நாள் நிறுத்திவைத்தார்கள். அந்தப் பதினைந்து நாளும் அவர்கள் வீட்டுச் சோற்றை அவன்தான் எனக்குக் கொண்டுவந்தான்.

சில மாதங்கள் கழித்து டாக்டர்கள் என்னைப் பேனா பிடிக்கச் சொன்னார்கள், சட்டைப் பொத்தான் போடச் சொன்னார்கள். லீவில் இருந்தவனுக்கு எப்படி அடிபட்டது என்று இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து வந்து விசாரித்தவருக்கு நண்பனே வந்து பதில் சொன்னான். கடைசியில் இன்சூரன்ஸ் ஆபீஸ் கடிதம் வந்தது. பிரிக்காமல் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"இனி நீங்க எந்த ஊருக்கு ஓடினாலும் இந்த மாசப் பணம் பொறவால வருமுங்கண்ணா."

"பைக்குதான் வரல" என்றான் நண்பன்.