ஒரே இடத்தில் நின்ற விளக்கு

ஓப்பல் ஸ்டாம்பர் வாயில் ஐந்து பொய்ப்பற்கள். மூன்றைக் குதிரை உதைத்துத் தள்ளியது, இரண்டு கட்டிய புருஷனின் கைவேலை. குதிரையை மன்னித்துவிட்டாள். புருஷனின் முழங்கையைச் சாணிவாரும் கம்பால் முறித்து, சட்டை துணிமணியோடு வாசலுக்கு வெளியே தள்ளினாள். அதற்குப் பிறகு கென்டக்கியின் அந்தப் பந்தயத் திடலில் அவளிடம் வாலாட்டியவன் எவனும் இல்லை.

பழைய வண்டியில் லேசர் பெட்டியை ஏற்றிக்கொண்டு லாயம் லாயமாகப் போவாள். குதிரைகளின் வீங்கிய மூட்டில் ஒளி காட்டுவதுதான் தொழில். வீக்கம் வற்றும், சூடு இறங்கும், வலி அடங்கும். கறுப்புக் குதிரை என்றால் மட்டும் கவனம் வேண்டும். கறுப்பு மயிர் ஒளியைக் குடித்துவிடும். விளக்கை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் தோல் வெந்துபோகும். இருபது வருடத்தில் அவள் ஒரு குதிரையைக்கூடச் சுட்டதில்லை.

ஆனால் ஒன்றைக் கொன்றிருக்கிறாள். அப்படித்தான் அவள் சொல்லிக்கொள்வாள். போன வருடம் ஒரு செந்நிறக் குதிரைக்குப் பந்தயத்தன்று காலையில் ஒளி காட்டி மூட்டைக் குளிரவைத்தாள். திடலின் மருத்துவர் வந்து தொட்டுப் பார்த்தார், சூடு இல்லை, ஓடலாம் என்றார். கடைசித் திருப்பத்தில் காய்ந்த விறகு முறிவதுபோல ஒரு சத்தம். ஓட்டியவன் தலைகுப்புற விழுந்தான். குதிரை தொங்குகிற காலோடு எழுந்து மறுபடியும் ஓடப் பார்த்தது. கூட்டத்தின் கண்ணில் படாமல் பச்சைத் திரையைப் பிடித்துக்கொண்டு அதன் கதையை முடித்தார்கள்.

இந்த வருடம் ஜூனில், காலை ஆறரைக்குப் பயிற்சியாளர் டுவெய்ன் ராலி கூப்பிட்டான். அவனுடைய கறுப்புப் பெண்குதிரைக்கு லாயத்தில் வினிகர் என்று பெயர். அதைக் கவனித்துக்கொள்ளும் குவாத்தமாலாக்காரன் எஃப்ராயினின் இடது காதில் பாதி வினிகரின் வயிற்றுக்குள் போயிருந்தது. ஓப்பலிடம் மட்டும் அவள் பசு. குனிந்து வேலை செய்யும்போது தோளில் தாடையை வைத்துக்கொண்டு தூங்குவாள்.

ஓப்பல் வலது முன்னங்காலைத் தடவினாள். குளம்புக்கு மேல் மூட்டு கொதித்தது. பின்பக்கம் கட்டைவிரலால் அழுத்தியதும் குதிரை உடம்பெல்லாம் நடுங்கியது. செந்நிறக் குதிரை முறிந்ததும் அதே இடத்தில்தான்.

"இன்னைக்கு இது ஓடினா கால் ரெண்டாப் போயிடும் டுவெய்ன்."

"உடைஞ்சா என் குதிரை உடையுது. உனக்கு எங்க வலிக்குது?"

"மேல ஒருத்தன் உக்காந்திருப்பானே, அவனுக்கும் எலும்புதாண்டா இருக்கு."

"பிரசங்கம் பண்ணவா கூப்பிட்டேன்? உன்னால முடியாதுன்னா ஐஸ் வாளி இருக்கு. எட்டு மணிக்கு டாக்டர் தொடறப்ப கால் பச்சத்தண்ணியா இருக்கணும், அவ்வளவுதான். உனக்குப் பதிலா வேற ஆளு கிடைக்காமலா போயிடும்?"

பாவி சொன்னது உண்மைதான். அவள் மறுத்தாலும் வினிகர் ஓடுவாள். டாக்டரிடம் சொல்லிப் பயனில்லை. குளிர்ந்த காலை வைத்துக்கொண்டு அவர் எதைத் தடுப்பார்? ஓப்பல் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். தோளில் தாடை வந்து அமர்ந்தது.

விளக்கை மூட்டில் வைத்தாள். நகர்த்தவில்லை.

மயிர் பொசுங்கும் நாற்றம் வந்தது. அவள் அழுதாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை. வினிகர் அலறினாள். தோளைப் பல்லால் கவ்வி, அவளைச் சுவரில் அடித்தாள். ஓப்பல் விழுந்தாள். வினிகர் வெந்த அதே காலைத் தூக்கி ஓப்பலின் வலது முன்கையில் இறக்கினாள். எலும்பு சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எஃப்ராயின்தான் அவளைக் காலைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினான்.

டுவெய்ன் கொப்புளத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வேணும்னேதானடி செஞ்ச?"

கீழே கிடந்தவளின் விலாவில் ஓங்கி மிதித்தான். இன்னொரு மிதிக்குக் காலைத் தூக்கியபோது எஃப்ராயினின் வைக்கோல் வாரும் முள்கம்பு அவன் கழுத்தில் பட்டு நின்றது. இரத்தம் ஒரு கோடாக இறங்கியது.

"தொட்டுப் பாருங்க முதலாளி. ஓப்பலம்மாவத் தொட்டுத்தான் பாருங்களேன்."

எட்டு மணிக்கு மருத்துவர் வந்தபோது வினிகர் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. கொப்புளம் பட்ட காலோடு ஓடக்கூடாது என்று அவளைப் பந்தயத்திலிருந்து நீக்கினார், எக்ஸ்ரே எடுக்கவும் சொன்னார். மூட்டின் பின்பக்க எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தது. டுவெய்ன் வினிகரை ஒரு பண்ணைக்குக் குட்டி போட விற்றுவிட்டான்.

குதிரையைச் சுட்டவளை எந்த லாயமும் சேர்க்கவில்லை. ஓப்பல் இப்போது நெடுஞ்சாலை ஓரத்து உணவுக்கடையில் பாத்திரம் கழுவுகிறாள், பெரும்பாலும் இடது கையால். ஞாயிறுதோறும் வண்டியைப் பண்ணைப் பக்கம் திருப்புகிறாள். தூரத்தில் அவளைக் கண்டதுமே வினிகர் காதுகளை மடக்கிக்கொண்டு பாய்ந்து வருவாள், கொலை வெறியோடு. ஆப்பிளை நீட்டினால் கையைத்தான் கடிக்க வருவாள். ஓப்பல் ஆப்பிளை வேலிக்கடியில் வைத்துவிட்டுப் போவாள்.

போன ஞாயிறு வினிகர் பின்னங்கால்களில் எழுந்து நின்று, வலது முன்னங்காலால் வேலியை ஓங்கி அடித்தாள். காய்ந்த விறகு முறிவதுபோல ஒரு சத்தம். ஓப்பல் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது வேலிக் கட்டை இரண்டாகக் கிடந்தது. வினிகர் நான்கு காலையும் ஊன்றி நின்று, மறுபடியும் அடிக்கத் தயாராக இருந்தாள்.