புது விளக்குக்கு வைத்த பொட்டு

விமானப் பயிற்சிப் பள்ளியில் நான் திருகிய திருகுகளுக்கெல்லாம் மூன்று வருடமாக வேறு யாரோதான் கையெழுத்துப் போட்டார்கள். பராமரிப்புப் பொறியாளர் உரிமம் கைக்கு வந்ததும் தர மேலாளர் கூப்பிட்டு, நான்கு இருக்கை விமானத்தில் லேண்டிங் லைட்டை மாற்றும் வேலையைக் கொடுத்தார்.

"நாளைக்கு முடிச்சு வைங்க. சாயங்காலம் வந்து பாக்கறேன். சரியா இருந்தா நீங்களே கையெழுத்துப் போடலாம். இல்லேன்னா இன்னும் ஆறு மாசம் இன்னொருத்தருக்குக் கீழதான்."

சரி என்றேன். பதற்றத்தை முகத்தில் காட்டும் வழக்கம் எனக்கு இல்லை. பட்டியலில் காட்டுவேன். அன்று அது மூன்று பக்கம் வந்தது.

வேலை என்னவோ சின்னதுதான். பழைய லேண்டிங் லைட், விமானத்தின் மூக்கில் பதித்த ஒரு கண்ணாடிக் கிண்ணம். உள்ளே மெல்லிய இழை. இன்ஜின் அதிர்வில் அது அடிக்கடி அறுந்துபோகும். எரிகிறபோது தொட்டால் விரல் வெந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு அதே அளவில் எல்இடி விளக்கைப் பொருத்த வேண்டும். மூன்று திருகு, இரண்டு ஒயர்.

எனக்கு உதவியாக இருந்த மெக்கானிக் அண்ணன் வையம்பட்டிக்காரர். என் பட்டியலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, பல்பு மாத்த மூணு பக்கமா? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கே ஒரு பக்கத்துலதான் சாமான் லிஸ்ட் போட்டோம்."

"கல்யாணம் பறக்காதுண்ணே."

"எங்க மச்சான் கல்யாணம் பறந்துருச்சும்மா. எட்டே மாசம்."

பேட்டரி இணைப்பைக் கழற்றியது முதல் கடைசித் திருகை இறுக்கியது வரை ஒவ்வொன்றையும் செய்து முடித்து, செய்ததற்கு எதிரே டிக் அடித்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே விளக்கு உட்கார்ந்துவிட்டது. அப்போது பட்டியலில் இல்லாத ஒன்றைச் செய்தேன். காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பும்போது, முதல் கையெழுத்து நாள் என்று அம்மா தாயார் சன்னதிக்குப் போய்வந்து, ஒரு சின்ன டப்பாவில் சந்தனமும் குங்குமமும் கொடுத்திருந்தாள். புதுப் பொருள் வந்தால் விமானம் நிறுத்தும் எங்கள் ஹேங்கரில் பொட்டு வைக்காமல் விடுவதில்லை. ஏர் கம்ப்ரஸர், ஜாக்கி, டூல் பெட்டி, தீயணைப்பு சிலிண்டர் எல்லாவற்றுக்கும் உண்டு. நானும் சந்தனத்தைக் குழைத்து விளக்கின் நடுவில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். மேலே குங்குமம். அண்ணன் கும்பிட்டுக்கொண்டார்.

பழைய விளக்குக்கும் இப்படித்தான் வைப்போம். விளக்கை எரியவிட்ட இரண்டாவது நிமிடத்தில் அந்தச் சூட்டில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிடும். எல்இடியின் முன்பக்கம் சூடாவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

சாப்பிட்டு வந்து சோதனை. விளக்கைப் போட்டால் திசைகாட்டி முள் அசையக் கூடாது, அசையவில்லை. ரேடியோவில் இரைச்சல் வரக் கூடாது, வரவில்லை. கடைசியாக ஹேங்கர் கதவுகளைச் சாத்தி, எதிர்ச் சுவரில் சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி போட்டு, அதன்மேல் ஒளி சரியாக விழுகிறதா என்று பார்த்தோம். சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனால் ஓரமெல்லாம் பளிச்சென்று இருக்க, நடு மட்டும் மங்கி, மஞ்சளாக இருந்தது.

"புதுசுக்கே காமாலை வந்துருச்சேம்மா" என்றார் அண்ணன்.

மின்னழுத்தம் பார்த்தேன். சரி. தரை இணைப்பு, சரி. சுவிட்ச், ஒயர், முனைகள், எல்லாம் சரி. ஒரு திருகு கூடுதலாக இறுகியிருக்குமோ என்று மூன்றையும் தளர்த்தி, அளந்து இறுக்கினேன். பட்டியலை முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்டினேன். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துக் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்றும் பார்த்தேன். பொட்டைச் சுற்றி வட்டமாகத் தேடினேன். கீறல் இல்லை. திருப்தியாக டிக் அடித்தேன். பொட்டு கண்ணில் படாமல் இல்லை. அது அங்கே இருக்க வேண்டியதாகவே பட்டது. பட்டியலில் எழுதாத ஒன்று என் கணக்கில் நடக்கவே இல்லை.

நாலரைக்கு மேலாளர் வந்தார். தேவாலயத்துப் பாடகர் குழுவில் பாடுகிறவர். குரலை உயர்த்தாமலே ஹேங்கர் முழுக்கக் கேட்கும்படி பேசுவார். சுவரைப் பார்த்தார். விளக்கை அணைக்கச் சொன்னார். விமானத்தின் மூக்குக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"இது என்னங்க?"

"லேண்டிங் லைட் சார்."

"அதுக்கு மேல?"

அப்போதுதான் உறைத்தது. "பொட்டு சார்."

"பார்ட் நம்பர்?"

பட்டியலைப் புரட்டினேன்.

"விமானத்துல ஒரு பொருளைப் பொருத்தினா அதுக்கு அனுமதிப் பேப்பர் இருக்கணும். இதுக்கு எங்க?"

"ஸ்ரீரங்கத்துல கொடுத்தது சார்" என்றார் அண்ணன், எனக்காக.

"மேல் அலுவலகம்தான். ஒத்துக்கறேன். ஆனா பேப்பர் இல்லையே." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சரைக்கு நான் கிளம்பறேன். அதுக்குள்ள உங்க முடிவைச் சொல்லுங்க."

துடைக்க வேண்டியதுதான். ஆனால் துணியை நீட்டியதும் அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "பிரசாதம்மா. நான் மாட்டேன்." எனக்கும் கை போகவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"விளக்கு எதுக்குடி இருக்கு?"

"ஓடுபாதை தெரியறதுக்கு."

"அதை மறைச்சா பொட்டு வச்ச? வாங்கிட்டு வந்த நான் சொல்றேன், துடை. துணியை மட்டும் கால் படாத இடத்துல போடு."

"விமானத்துக்குள்ள விட்டுடக் கூடாதுன்னு துணியை எண்ணித் திருப்பிக் கொடுக்கணும்மா."

"அப்ப கையால துடைச்சுட்டு நெத்தியில இட்டுக்கோ. இதுக்குப் போய் ஒரு போனு."

அப்படியே செய்தேன். அண்ணனும் நெற்றியை நீட்டி வாங்கிக்கொண்டார். மிச்சத்தைச் சோப்புத் தண்ணீர் கொண்டு, தயாரிப்பாளர் சொன்ன முறையில் சுத்தம் செய்தேன். கதவைச் சாத்தி விளக்கைப் போட்டால், சுவரில் நடுப்பகுதி நல்ல வெள்ளையாக, சாக்பீஸ் குறியின் சொரசொரப்பு தெரியும் அளவுக்கு நின்றது.

அடுத்தது பதிவேடு. குறைபாட்டின் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'லென்ஸின் மேல் அந்நியப் பொருள். அகற்றப்பட்டது' என்று எழுதினேன். அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தாயார் குங்குமம் உனக்கு அந்நியமாம்மா?"

'பூசப்பட்ட பொருள்' என்று திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

மேலாளர் சுவரைப் பார்த்தார், பதிவேட்டைப் படித்தார், பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "உங்க வேலை. போடலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

மூன்று பக்கத்தையும் ஒரு தடவை வாசித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். அந்தக் கட்டத்துக்கு என் பெயர் கொஞ்சம் நீளம். கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது.

மேலாளர் குனிந்து அதைப் பார்த்தார்.

"அடுத்த தடவை கட்டத்துக்குள்ள நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.