மூன்றாவது வீட்டுத் தண்ணீர்

கனடாவிலிருந்து அக்கா மகனுக்குச் சம்பந்தம் பேச வந்தபோது, தங்க இடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெண் வீடு மட்டுவிலில். தரகர் கொண்டுவந்த சம்பந்தம். நாங்கள் யாரும் அந்த வீட்டுக்குப் போனதில்லை. என் வீடு யாழ்ப்பாணத்தில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட. அங்கே தங்கினால் அரை நாளுக்குள் சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்கத் தொடங்குவார்கள்.

"பேச்சு முடியுமட்டும் ஒரு காகத்துக்கும் தெரியப்படாது, தம்பி," என்றார் அக்கா தொலைபேசியில். "குழம்பினா எங்களுக்கு ஒண்டுமில்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் கதை."

அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் மருமகனுக்கு வேறொரு பெண் பார்த்தார்கள். பேச்சு முடியும் முன்பே அக்கா அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைப்பது சம்மதம் சொன்னதற்குச் சமம். பிறகு அது சரிவரவில்லை. சாப்பிட்டுப் போய் வேண்டாம் என்றார்களாம் என்ற பேச்சு அந்தப் பெண்ணை விடாமல் துரத்தியது. அவளுக்குக் கல்யாணமான செய்தி கிடைத்த பிறகுதான் அக்கா மகனுக்கு மறுபடி பெண் தேடினார். இந்த முறை, ஓம் என்று வாயால் சொல்லும்வரை பெண் வீட்டில் ஒரு மிடறு தண்ணீரும் இல்லை என்று முடிவெடுத்திருந்தார்.

ஆகவே மட்டுவிலுக்குக் கிட்ட உள்ள சாவகச்சேரி. தெற்கிலிருந்து ஏ9 வீதியால் வருகிறவர்களுக்குக் குடாநாட்டின் வாசல் போன்ற பட்டினம். சந்தை, நீதிமன்றம், ஆஸ்பத்திரி. பிரதான வீதியை விட்டுத் தெற்கே இறங்கினால் பனைகளுக்கு அப்பால் நீரேரி. அங்கே எங்களை யாருக்கும் தெரியாது என்று நம்பினேன். மருமகனும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தான். "மாமா, ஜன்னலைத் திறந்தா தண்ணி தெரியவேணும்."

ஒரு காலையில் மோட்டார் சைக்கிளில் போய் மூன்று இடங்கள் பார்த்தேன். பத்திரிகையில் நாற்பது வருடம் இருந்த பழக்கத்தில் குறிப்புப் புத்தகமும் கூட வந்தது.

முதலாவது, பிரதான வீதியில் மூன்று மாடி ஹோட்டல். மொட்டை மாடியில் முகாமையாளர் கை நீட்டிய திசையில் நீரேரி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கீழே கல்யாண மண்டபமும் கொழும்பு பஸ்களின் ஹோர்ன் சத்தமும். லிஃப்ட் அன்று மட்டும் வேலை செய்யவில்லை என்றார். லிஃப்ட் கதவுக்கு முன்னால் ஒரு பெரிய பூச்சாடி வேர்விட்ட மாதிரி நின்றது. அக்காவின் முழங்கால்களை நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

இரண்டாவது, கரையிலேயே கிடுகு வேய்ந்த மூன்று குடில்கள். தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருக்கும். அதில் கொக்குகள் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நின்றன. தூரத்தில் இறால் வலை கட்டிய தடிகள். கொஞ்ச நேரம் நான் எதையும் எழுதவில்லை. பிறகு தேநீர் வந்தது. கிணறு சவர். சீனியைத் தாண்டி உப்பு நாக்கில் நின்றது. முப்பது வருடம் கனடாவில் இருந்தும் தேநீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதவர் அக்கா.

மூன்றாவது, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. கணவர் இல்லை, மகன் லண்டனில். பின்பக்கத்து இரண்டு அறைகளை வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார். படி இல்லை. குளியலறைச் சுவரில் பிடித்து எழும்பக் கம்பி. சமையல் சைவம். ஜன்னலுக்கு வெளியே ஒரு வெறுங்காணி, அதற்கப்பால் நீரேரி முழுவதும். தேநீரை ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்து பார்த்தேன்.

"தண்ணி எங்கத்தையான், ரீச்சர்?"

"இஞ்சத்தைக் கிணறு சவர். இது தங்கச்சி வீட்டுக் கிணறு. ஓட்டோவிலை கானுக்கை வரும்."

குசினி வாசலில் மூன்று நீலக் கான்கள் இருந்தன. ஒன்றுக்கு மூடி இல்லை. பொலித்தீன் வைத்துச் சிவப்பு நூலால் கட்டியிருந்தது. 'தண்ணீர் நல்லது. தங்கை வீட்டுக் கிணறு' என்று எழுதினேன். தங்கை எந்த ஊர் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அவரும் கேட்பார். இங்கே அந்தக் கேள்வி ஒரு வழிப் பாதையில் போவதில்லை. வாயை மூடிக்கொண்டேன். அவரும் கேட்காதது எனக்கு அதிசயமாக இருந்தது. காரணத்தை அவரே சொன்னார்.

"வாற ஆக்களிட்டை ஊர் பேர் விசாரிக்கப்படாது எண்டு மகன் சொல்லிப்போட்டான். விசாரிச்சா இன்ரநெற்றிலை குறை எழுதுவினமாம். நாக்கு அரிக்குது, என்ன செய்ய!"

இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது என்று அங்கேயே உறுதி செய்தேன்.

அக்காவும் அத்தானும் மருமகனும் அங்கே இரண்டு நாள் இருந்தார்கள். நானும் பகலில் போய்வந்தேன். இடியப்பமும் சொதியும், இடையிடையே தேநீரும். "இப்பிடித் தேத்தண்ணி குடிச்சுக் கனகாலம்," என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொன்னார். இரண்டாம் நாள் ஓட்டோ வந்தபோது மருமகன் வெளியே போய்த் தண்ணீர்க் கான்களைத் தூக்கிவந்தான்.

"விடுங்கோ தம்பி, நீங்கள் விருந்தாளி."

"உங்களுக்கு முதுகு நோகும், அன்ரி."

மூன்றாம் நாள் காலையில் ஆசிரியை சாப்பாட்டை நேரத்தோடு மேசையில் வைத்தார். "எனக்குச் சொந்தத்துக்கை ஒரு அலுவல். திண்டிட்டு மூடி வையுங்கோ." "நாங்களும் கோயிலுக்குத்தான் வெளிக்கிடுறம்," என்று மறைத்தார் அக்கா.

மட்டுவிலில் பெண்ணின் தகப்பன் கேற்றடியில் நின்றார், கத்தரித் தோட்டக்காரர். பெண் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். அவளும் மருமகனும் மூன்று மாதமாகத் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்தவர்கள். நேரில் இருவருக்கும் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தாய் தேநீர் கொண்டுவந்தார்.

"இப்பதான் குடிச்சிட்டு வாறம்," என்றார் அக்கா. "முதல் கதைப்பம்."

தாயின் கையில் தட்டு அப்படியே நின்றது. அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்போது குசினித் திரையை விலக்கிக்கொண்டு வடைத் தட்டோடு ஒருவர் வந்தார். எங்கள் ஆசிரியை.

"உவையளே மாப்பிள்ளை வீட்டார்?" என்று தட்டோடு நின்ற தங்கையைக் கேட்டார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "ரெண்டு நாளா என்ரை கையாலை திண்டிட்டு, இஞ்சை தேத்தண்ணி வேண்டாமோ?"

பெண்ணுக்கு அவர் பெரியம்மா. விஷயம் வெளியே போகக்கூடாது என்று ஆசிரியைக்கும் அன்று காலையில்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் ஜன்னலால் பார்த்தேன். கிணற்றுக் கட்டில் நீலக் கான்கள். ஒன்றின் வாயில் சிவப்பு நூல்.

அக்கா என்னைப் பார்த்தார். ஏழு வயதில் நான் அவருடைய பேனையை முறித்தபோது பார்த்த அதே பார்வை.

"நாப்பது வருஷம் பேப்பரிலை இருந்தவர் விசாரிச்சுப் பிடிச்ச இடம்," என்றார் அத்தான். யாரும் சிரிக்கவில்லை. அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முந்திய பெண் அவர் மனதில் வந்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது.

பெண்தான் பேசினாள். "அன்ரி, அது தெரியாமல் குடிச்சது. அதைப் பெரிசா எடுக்காதேங்கோ. உங்களுக்கு மனம் வந்தால் மட்டும் இப்ப குடியுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அக்கா சுருட்டிய தலைப்பை விட்டார். பிறகு மகனிடம், "நீ என்னடா சொல்லுறாய்?"

"நான் இந்த வீட்டுத் தண்ணிக் கானையே தூக்கிக் காவினனான், அம்மா."

இந்த முறை பெரியம்மா முதலில் சிரித்தார். அக்கா கையை நீட்டினார். "தேத்தண்ணி ஆறட்டும், பிள்ளை. முதல் உங்கடை தண்ணியைத் தா." பெண் கொண்டுவந்த செம்பை அண்ணாந்து பாதிவரை குடித்தார். "ஓம்," என்றார், வாயைத் துடைக்காமலே. தாய் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார், கண்ணைத் துடைக்கத்தான்.

அன்று பின்னேரம், நீரேரி மஞ்சளாகிக்கொண்டிருந்த நேரத்தில், ஆசிரியை கதிரையை அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"இனிக் கேக்கலாம்தானே? நீங்கள் ஆரின்ரை ஆக்கள்?"

மூன்றாவது கேள்வியில், நாங்கள் முன்பே தூரத்துச் சொந்தம் என்று தெரியவந்தது.